திரையில் ஓடும் சாலை

குமரி மாவட்டத்து இல்லங்களுக்குக் கார்ப் பந்தய விளையாட்டு புதியதன்று. 1990-களில் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்தோரின் பெட்டிகளில், அத்தரோடும் துணிமணிகளோடும், தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் 'வீடியோ கேம்' கருவியும் வந்திறங்கியதுண்டு. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1984-இல் உருவாக்கிய 'ரோட் ஃபைட்டர்' அக்கருவிகளின் கேசட்டுகளில் பரவலாக இடம்பெற்றிருந்தது. அன்று அதை ஆடிய பிள்ளைகள் இன்று வாப்பாவாகவும் உம்மாவாகவும் ஆகிவிட்டனர். அவர்தம் மக்களின் கைப்பேசியிலோ, பிரேசில் நாட்டு நிறுவனமொன்று 2015-இல் வெளியிட்ட 'ஹொரைசன் சேஸ்' போன்ற விளையாட்டுகளாக, அதே பந்தயம் பழைய சாயலுடன் புதுக்கோலம் பூண்டிருக்கிறது.

'ஹொரைசன் சேஸ்' போன்ற விளையாட்டுகளுக்கு ஒரு முன்மாதிரி, சேகா நிறுவனத்தின் யூ சுசுகி 1986-இல் வடிவமைத்த 'அவுட் ரன்'. காசு போட்டு ஆடும் இயந்திரம் அது. அதன் நுட்பம் வியப்பிற்குரியது. திரை என்பது இருநூறுக்கும் மேற்பட்ட கிடைக்கோடுகளின் அடுக்கு. அடிவானத்துக்குக் கீழுள்ள ஒவ்வொரு கோட்டிலும் சாலையின் ஒரு துண்டு வரையப்படுகிறது. மேலே செல்லச் செல்லத் துண்டு குறுகுகிறது. அக்கோடுகளைச் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் நகர்த்தினால் நேர்ச்சாலை வளைந்துவிடும். புள்ளியாய்த் தோன்றும் மரம் படிப்படியாகப் பெரிதாக்கப்படுகிறது. காரோ திரையின் அடிப்பகுதியை விட்டு அகல்வதில்லை. சாலைதான் அதை நோக்கி ஓடி வருகிறது!

இவ்விளையாட்டு கண்ணுக்கும் கைக்கும் விரைவைத் தருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அது எத்தகைய கவனத்தைப் பழக்குகிறது? முன்னால் வரும் ஒரே பாதையின் மீது மட்டும் பதியும் கவனத்தைத்தான். மோதினாலும் இழப்பு அற்பமே. சிறிது எரிபொருளோ சில நொடிகளோ குறையும். கார் மீண்டும் முழுமையாய் எழுந்து ஓடும்.

இடலாக்குடி ஈன்ற சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்தும் சதாவதானம் நிகழ்த்திப் புகழ்பெற்றார். உண்மைச் சாலை நம்மிடம் வேண்டுவது அத்தகைய அவதானத்தையே அன்றோ? ஆரல்வாய்மொழிக் கணவாயில் பக்கவாட்டில் மோதும் காற்று, முன்னறிவிப்பின்றி நிற்கும் பேருந்து, சந்திலிருந்து ஓடிவரும் ஆடு, சாலையைக் கடக்கும் பள்ளிச் சிறுமி என யாவற்றையும் ஒருசேரக் காண வேண்டும். இங்கே சாலை நம்மை நோக்கி ஓடி வருவதில்லை. நாம்தான் பிறர் உயிர்களை நோக்கி விரைகிறோம். மறுமுறை ஆட இன்னொரு காசும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை.

பதினாறு வயது மகன் பைக் சாவியை எடுக்கும்போது, "பையன் நன்றாகத்தானே ஓட்டுகிறான்" எனப் பெருமிதம் கொள்ளும் பெற்றோர் உண்டு. கியர் உள்ள இருசக்கர வாகனம் ஓட்டப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வாகனப் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். சிறுவனும் இருபத்தைந்து வயது வரை உரிமம் பெற இயலாது.

ஆகவே விளையாட்டை அடியோடு வெறுக்க வேண்டியதில்லை. நேரம் வரையறுத்துக் கொடுங்கள். இயன்றால் உடனமர்ந்து ஆடுங்கள். பின்னர் மகனை உங்கள் வாகனத்தின் பின்னிருக்கையில் அமர்த்திக் கடைத்தெரு வரை நிதானமாகச் செல்லுங்கள். வழியில் கண்ட ஆபத்துகளை, வீடு திரும்பியதும் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். அவன் கவனிக்கத் தவறியவற்றை அன்போடு எடுத்துரையுங்கள். திரை கற்பிக்காத பாடம் அது; அதைக் கற்பிக்கும் பொறுப்பு பெற்றோருடையது.