முதல் 72 மணி நேரம்

சொல்லத் தயங்கியவை – 11

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மைசூரிலிருந்து ஓர் அழைப்பு. இந்தத் தொடரைப் படிக்கும் தம்பி. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலைப் பயிற்சிக்காக மைசூர் போய் நான்கு மாதம் ஆகிறதாம். "சார், என் ஃப்ரெண்டுக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கியவன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஃப்ரெண்டு இல்ல சார், நான்தான்" என்றான்.

சனிக்கிழமை இரவு ஆணுறை கிழிந்துவிட்டது. அதிலிருந்து தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. டெட்டால் விட்டுக் கழுவியதில் தோல் எரிகிறது. காய்ச்சல் வந்துவிட்டதா என்று நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.

"எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டேன். இரவு பதினொன்று என்றான். அப்படியென்றால் 35 மணி நேரம்.

யாரோடு, எதற்கு, ஏன் என்று கேட்பவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். அவன் பயந்த எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்த உடனேயே நிலைகொண்டுவிடுவதில்லை. நுழைந்த இடத்து உயிரணுக்களிலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ப் பெருகுவதற்கு அதற்குச் சில நாட்கள் தேவை. அதற்குள் மருந்தைத் தொடங்கினால் பெருகவிடாமல் தடுக்க முடியும். 'பெப்' என்று மருத்துவர்கள் சொல்லும் தடுப்பு மருந்து இதுதான். 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே என்றால் இன்னும் நல்லது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்ற மூன்று மருந்துகளை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். அரசின் வழிகாட்டுதல் மருத்துவப் பணியாளர்களையும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களையும் மனதில் வைத்தே இதைப் பேசுகிறது. ஆணுறை கிழிந்து வருபவருக்குத் தேவையா இல்லையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். அந்த முடிவை அவர் எடுப்பதற்காவது நாம் நேரத்தோடு போய் நிற்க வேண்டும்.

அவன் நெற்றியில் தேடிய காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எச்.ஐ.வி.யின் தொடக்கக் காய்ச்சல் வந்தால்கூட இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வரும். இன்னொரு கணக்கையும் சொன்னேன். எதிரில் இருப்பவருக்குத் தொற்று இருந்து, அவர் சிகிச்சையும் எடுக்காதவராக இருந்தால்கூட, ஒருமுறை கொள்ளும் இயல்பான உறவில் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4, பெண்ணுக்கு 8. சிகிச்சையில் இருந்து, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உறவின் மூலம் பரவுவதே இல்லை.

"பெண்ணுக்கு இரண்டு மடங்கா?" என்றான். "அந்தப் பொண்ணு எப்படி இருக்கா? கேட்டியா?" என்றேன். அவன் கேட்கவில்லை. அவளுக்கும் இதே பயம் இருக்கும். கர்ப்பமாகிவிடுமோ என்ற பயம் அதற்கு மேல். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் ஏறக்குறைய இதே 72 மணி நேரம்தான். அதிலும் முந்தினால்தான் பலன் அதிகம். தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் அந்த மாத்திரையைக் கேட்டு இல்லையென்ற பதிலோடு திரும்பிய பெண்களை நான் அறிவேன். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படித் திரும்புவது சின்னக் கொடுமை அல்ல.

அவன் இருந்த ஊரிலேயே இந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் இருக்கிறார்கள். மைசூரில் பாலியல் தொழில் பெரும்பாலும் தெருவையும் பேருந்து நிலையத்தையும் சார்ந்தது. 2004ல் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சுஷேனா ரெஸா-பால் குழுவினர் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பாலியல் தொழிலாளர்கள் 'ஆஷோதயா சமிதி' என்று தங்களுக்கென ஓர் அமைப்பை உண்டாக்கிக்கொண்டார்கள். ஆணுறையைக் கொடுத்துவிட்டுப் போகும் வேலையாக அது நிற்கவில்லை. எப்படிப் போடுவது, போலீஸ் அடித்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவர் முகம் சுளிக்காமல் பார்ப்பார் என்பதையெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டே ஆண்டில் அந்தப் பெண்களிடையே சிபிலிஸ் 25 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. கிளமிடியா என்ற இன்னொரு பால்வினைத் தொற்று 11லிருந்து 5 ஆனது.

நம் சென்னையை நினைத்துக்கொள்கிறேன். 1986ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றை மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும் கண்டறிந்தது, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளின் ரத்தத்தில்தான். அது மகத்தான வேலை. ஆனால் அந்தப் பெண்கள் அன்று ரத்த மாதிரிகளாக மட்டுமே எண்ணப்பட்டார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து மைசூரில் அவர்களைப் போன்ற பெண்கள் ஆசிரியர்களானார்கள்.

ஏன் கிழிகிறது என்பதற்கும் பதில் இவர்களிடமிருந்தே வந்தது. 2008-09ல் கர்நாடகத்தின் நான்கு மாவட்டங்களில் 1,928 பாலியல் தொழிலாளிகளிடம் கேட்டபோது, 11.4 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது கிழிந்ததாகச் சொன்னார்கள். போட்டுக் காட்டும் செய்முறையை ஒருமுறைகூடப் பார்த்திராத பெண்களிடம் இது இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தச் செய்முறையைப் பார்த்திருப்பார்கள்? பள்ளியில் காட்டுவதில்லை, கல்லூரியில் காட்டுவதில்லை. நுனியில் காற்று தங்கக் கூடாது, உறையைப் பல்லால் கடித்துக் கிழிக்கக் கூடாது, தேங்காய் எண்ணெயோ வாசலினோ பட்டால் லேடக்ஸ் ரப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். தம்பியின் பர்ஸில் அந்த ஆணுறை மூன்று மாதமாக உடம்புச் சூட்டில் கிடந்திருக்கிறது.

அன்று மதியமே அவனும் அவளும் சேர்ந்து மருத்துவரைப் பார்த்தார்கள். 40 மணி நேரம் ஆகியிருந்தது. மருத்துவர் உடனே ஒரு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொன்னார். அது ஏற்கெனவே இருந்த நிலையை அறியத்தான். பெப் மருந்தைத் தொடங்கிவிட்டு, ஆறு வாரத்திலும் மூன்று மாதத்திலும் மறுபடி வரச் சொன்னார். சிபிலிஸ், கொனோரியா பற்றியும் பேசினார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டார். டெட்டாலை இனி அந்தப் பக்கமே கொண்டுபோகாதே, வெறும் தண்ணீர் போதும் என்றார். இவ்வளவையும் அவன் ஒரே மூச்சில் எனக்குச் சொன்னான். அழுதானோ என்னவோ, குரல் அடைத்திருந்தது.

இதே நிலையில் இருப்பவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனைக்குக் காசு இல்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி அழைத்தான். பரிசோதனை முடிந்துவிட்டது என்றான். முடிவு என்ன என்று நான் கேட்கவில்லை. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை வெளியிடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன். ஊருக்குப் பொங்கலுக்கு வருவதாகவும், அவளும் நன்றாக இருப்பதாகவும் சொல்லிவிட்டு வைத்தான்.

(தொடரும்)