குடும்பமே சேர்ந்து சொந்த வீடு கட்டலாமா? 'கிட்' வீட்டில் மிச்சம் எங்கே, சிக்கல் எங்கே? முழு விவரம்

"வானம் தோண்டுறதை நாமளே பார்த்துக்கலாம். கல்லு மண்ணு சுமக்க மச்சான் வருவான். கொத்தனார் மட்டும் வந்தா போதும்."

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கம் சொந்த வீடு கட்டத் தொடங்கும் குடும்பங்களில் முதலில் நடக்கும் பேச்சு இதுதான். கையில் இருக்கும் பணத்துக்கும் வீட்டின் செலவுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தைக் குடும்பத்தின் உழைப்பை வைத்து நிரப்பப் பார்க்கிறார்கள்.

இது சரியான கணக்கா? எந்த வேலையைக் குடும்பம் செய்யலாம், எதைத் தொடவே கூடாது? பார்க்கலாம்.

முதலில், 'கிட்' வீடுன்னா என்ன?

வீட்டுக்குத் தேவையான பாகங்களை முன்கூட்டியே அளவெடுத்து, வெட்டி, எண் போட்டு மொத்தமாகக் கொடுப்பார்கள். வாங்கியவர் அதை இணைத்துக்கொள்ள வேண்டும். பிரித்து வரும் கட்டிலை வீட்டில் நாமே பூட்டுவது போலத்தான்.

இதில் உலகப் புகழ் பெற்றது அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம். 1908 முதல் 1940 வரை தபால் கேட்டலாக் மூலம் 70,000-க்கும் அதிகமான வீடுகளை விற்றது. பணம் கட்டினால் மரச்சட்டம், கதவு, ஜன்னல், ஆணி என சுமார் 30,000 பாகங்கள் ரயிலில் வந்து இறங்கும். எதை எங்கே பொருத்துவது என்று சொல்ல 75 பக்கப் புத்தகமும் கூடவே வரும். சாதாரண முறையில் 583 மணி நேரம் பிடிக்கும் தச்சு வேலை, வெட்டி வரும் மரத்தில் 352 மணி நேரத்தில் முடியும் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது. பலர் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தினரையும் சேர்த்துக்கொண்டு வீட்டை எழுப்பினார்கள்.

ஆனால் செங்கல், சிமெண்ட், பூச்சுக்கான பொருள் அந்த விலையில் சேராது. அஸ்திவாரத்தையும் வாங்கியவர்தான் உள்ளூரில் போட்டுக்கொள்ள வேண்டும். சியர்ஸ் நிறுவனமே வீட்டுக் கடனும் கொடுத்தது. 1930-களின் பொருளாதார நெருக்கடியில் தவணை கட்ட முடியாத பல குடும்பங்கள், தங்கள் கையாலேயே கட்டிய வீட்டை இழந்தன.

நம்ம ஊரில் 'கிட்' எப்படி இருக்கு?

ரயிலில் வரும் பெட்டி இங்கே இல்லை. ஆனால் அரசு வீட்டுத் திட்டங்கள் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கின்றன. அளவும் நிபந்தனையும் அரசு சொல்லும், பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுக்கும். வீட்டைப் பயனாளியேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

2024 பிப்ரவரி 19 அன்று தமிழக பட்ஜெட்டில் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. அதை அறிவித்த அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, மல்லாங்கிணறைச் சேர்ந்தவர். 2030-க்குள் ஊரகப் பகுதிகளில் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகளுக்கு, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் வீதம் 3,500 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் தளம் கட்டாயம். மண் சாந்து வைத்துச் சுவர் எழுப்பக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மல்லாங்கிணறு ஒரு பேரூராட்சி. கனவு இல்லம் கிராம ஊராட்சிகளுக்கான திட்டம். அதனால் பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தை. 2024 செப்டம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் கட்டத்தில், சொந்த இடத்தில் தாங்களே கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு மத்திய அரசு 1.5 லட்சம் ரூபாய் தருகிறது. மாநிலத்தின் பங்கு குறைந்தது 1 லட்சம்.

ரெண்டு தெரு தள்ளி இருக்கும் இடம் எந்த எல்லையில் வருகிறது என்பதைப் பொறுத்துத் திட்டமே மாறும். விண்ணப்பம் இப்போது வாங்குகிறார்களா என்பதை ஊராட்சி என்றால் ஒன்றிய அலுவலகத்திலும், பேரூராட்சி என்றால் பேரூராட்சி அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு எங்கே இடிக்குது?

3.5 லட்சத்தை 360 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய். மொத்தமாக கான்ட்ராக்ட் விட்டால் சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 7.2 லட்சம் ஆகும். இடைவெளி 3.7 லட்சம். நகையை அடகு வைப்பது, வட்டிக்கு வாங்குவது, ஆட்டை விற்பது எல்லாம் இந்த இடைவெளிக்காகத்தான்.

வீட்டுச் செலவில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கூலி. குடும்ப உழைப்பு மிச்சம் பிடிப்பது இந்தப் பங்கில் மட்டும்தான். அதுவும் முழுசாக மிச்சமாகாது. கொத்தனார், கம்பி கட்டுபவர், சென்ட்ரிங் ஆட்கள் கூலி கொடுத்தே ஆக வேண்டியவர்கள்.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாது. தினக்கூலி 500 ரூபாய் வாங்கும் இருவர், 60 நாள் வேலைக்குப் போகாமல் சொந்த வீட்டில் நின்றால் 60,000 ரூபாய் வருமானம் போகும். 'நம்ம வீட்டு ஆளு, கூலி இல்லை' என்பது பாதி உண்மைதான். எந்த வேலைக்கு வெளியில் அதிகக் கூலி கேட்கிறார்களோ, அதில் நம்மால் முடிந்ததை மட்டும் எடுத்துக்கொள்வதே லாபம்.

குடும்பம் செய்யக்கூடிய வேலைகள்

• இடத்தைச் சுத்தம் செய்வது, வானம் தோண்டுவது (அளவைக் கொத்தனாரோ பொறியாளரோ குறித்துக் கொடுத்த பிறகு)
• செங்கல், ஜல்லி இறக்குவது, எம்-சாண்ட் சலிப்பது, கலவை சுமப்பது
• பேஸ்மெண்டுக்குள் கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு, அடுக்கு அடுக்காகத் திமிசு போடுவது
• சுவருக்கும் தளத்துக்கும் தண்ணீர் கட்டுவது
• வெள்ளை அடிப்பது, பெயிண்ட் அடிப்பது

தொடக் கூடாத வேலைகள்

• தளத்துக்கான கம்பியின் அளவு, இடைவெளியை முடிவு செய்வது
• சென்ட்ரிங் முட்டு கொடுப்பது, அதை எப்போது பிரிப்பது என்று தீர்மானிப்பது
• மெயின் வயரிங்
• மூலைமட்டம், தூக்குக்குண்டு பார்த்துச் சுவரின் முதல் வரியைப் பிடிப்பது

கடைசியில் சொன்னது சின்ன வேலை மாதிரி தெரியும். முதல் வரி கோணினால் சுவர் முழுக்கக் கோணும். பிறகு பூச்சில் சரிக்கட்டுவதற்கே பல மூட்டை சிமெண்ட் போய்விடும்.

கரிசல் மண்ணில் கட்டுறீங்களா? இதைப் படிங்க

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல் மண். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். மண் ஏறி இறங்கும்போது அதன் மேல் நிற்கும் சுவர் சும்மா இருக்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் பெரும்பாலும் இதனால்தான். எவ்வளவு நல்ல சிமெண்ட் போட்டாலும் இது நிற்காது.

கரிசல் ஆழமில்லை என்றால் அதைத் தாண்டி, கீழே கெட்டியான சரளை வரும் வரை தோண்டி அஸ்திவாரம் போட வேண்டும். ஆழமாகப் போனால், அடியில் குமிழ் மாதிரி அகலும் கான்கிரீட் பைல் ஒரு வழி. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசல் நிலத்துக்காக இதைப் பரவலாக்கியது. எப்படிப் போட்டாலும் சுவர்களைச் சுற்றி இணைக்கும் பிளிந்த் பீம் அவசியம்.

குடும்பமாகக் கட்டும்போது அடிக்கடி நடக்கும் தப்பு இது: தோண்டிய கரிசலை வெளியே கொட்ட வண்டிக் கூலி ஆகுமே என்று பேஸ்மெண்டுக்குள்ளேயே நிரப்பிவிடுவார்கள். அடுத்த மழைக்குத் தரை தூக்கும். அங்கே கிராவல்தான் போட வேண்டும்.

தண்ணீர்: பட்ஜெட்டில் யாரும் எழுதாத செலவு

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் கேட்கிறது. பிபிசி போன்ற கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள், வெயில் காய்ந்தால் அதற்கும் மேல். இந்தப் பக்கத்துச் சித்திரை வெயிலில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். தளத்தில் பாத்தி கட்டித் தேக்குவதோ, ஈரச் சாக்கு போடுவதோ நல்லது. இதற்கு ஆள் நாள் முழுக்க இருக்க வேண்டும். குடும்ப உழைப்பு உண்மையிலேயே வீட்டின் ஆயுளைக் கூட்டுவது இந்த வேலையில்தான்.

உப்புத் தண்ணீர் என்றால் எச்சரிக்கை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உள்ளே கம்பி துருப்பிடித்து, சில வருடங்களில் தளம் பெயர்ந்து விழும். போர் தண்ணீரைக் கலவைக்கு எடுக்கும் முன் ஒரு பாட்டில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீரைக் கூட்டி ஊற்றுவதும் தப்பு. 1:1½:3 கலவைக்கு ஒரு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டர்தான் அளவு. 'இளக்கமா இருந்தா சீக்கிரம் வேலை ஓடும்' என்று ஊற்றினால் பலம் குறையும்.

ரெடிமேட் ஸ்டீல் வீடு வாங்கிப் போட்டா?

இதே கேள்வி இலங்கையின் வடக்கு, கிழக்கில் பெரிய விவாதமானது. போருக்குப் பிறகு இந்திய உதவியில் அங்கே 46,000 வீடுகளுக்குத் திட்டம் வந்தது. பெரும்பாலானவற்றில் குடும்பங்களே கட்டிக்கொண்டன, வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாய் கொடுக்கப்பட்டது. பிறகு அரசு 65,000 ரெடிமேட் எஃகு வீடுகளைக் கொண்டுவரப் பார்த்தது. ஒன்றின் விலை சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். வெக்கை தாங்காது, பழுதானால் உள்ளூர் கொத்தனாரால் சரிசெய்ய முடியாது, பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது, உள்ளூர் ஆட்களுக்கு வேலையும் போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் கைவிடப்பட்டது.

அதற்காக ரெடிமேட் என்றாலே மோசம் என்று அர்த்தமில்லை. 1999-ல் டெல்லி வர்த்தகக் கண்காட்சியில் ஆரோவில் மண் நிறுவனம், அழுத்திச் செய்த மண் கற்களைக் கொண்டு 23 சதுர மீட்டர் வீட்டை 66 மணி நேரத்தில் எழுப்பியது. ஆனால் கட்டியது பயிற்சி பெற்ற 18 பேர் கொண்ட குழு. ரெடிமேட் வாங்குவதாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: அஸ்திவாரம் விலையில் சேருமா? கூரையில் வெப்பத் தடுப்பு உண்டா? பழுதானால் பக்கத்து ஊரில் சரிசெய்ய ஆள் உண்டா?

தொடங்கும் முன் சரிபார்க்க:

1. பட்டா யார் பெயரில்? இடம் ஊராட்சியா, பேரூராட்சியா?
2. கரிசல் எத்தனை அடி ஆழம்? ஒரு குழி தோண்டிப் பார்த்தாச்சா?
3. கலவைத் தண்ணீர் பரிசோதித்தாச்சா?
4. முதல் தவணை வரும் வரை அஸ்திவாரச் செலவுக்குக் கையில் பணம் இருக்கா? அரசுப் பணம் ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அதிகாரிகள் பார்த்த பிறகே வரும்.
5. வேலைக்கு வருகிறேன் என்ற சொந்தக்காரர்கள் எந்த மாதம் வருவார்கள்? விதைப்பு, அறுப்பு நாட்களில் யாரும் வர முடியாது.

சிமெண்ட், கம்பி, தவணைப் பணம் திட்டத்தில் வந்துவிடும். மண்ணைப் பார்ப்பது, தண்ணீரைச் சோதிப்பது, எந்த வேலைக்கு ஆள் வைப்பது என்பதெல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. கையில் பணம் குறைவாக இருப்பவர்கள் முதல் செலவாக அஸ்திவாரத்தைச் சரியாகப் போட்டுவிடுவது நல்லது. பெயிண்டும் டைல்ஸும் அடுத்த வருஷம்கூடச் செய்துகொள்ளலாம்.