சத்தமில்லாமல் ஒரு முதல் வெற்றி

பெர்லினில் 2017-ல் மஹிந்திரா அணி பெற்ற முதல் ஃபார்முலா-இ வெற்றியின் வேர் பெங்களூரில் இருக்கிறது. ஆனால் அந்த வெற்றியில் இந்தியாவின் பங்கு எவ்வளவு?

டெம்பல்ஹாஃப் விமான நிலையத்துக்குச் சரித்திரம் புதிதல்ல. 1948-49-ல் சோவியத் முற்றுகையில் சிக்கிய மேற்கு பெர்லினுக்கு மாவும் நிலக்கரியும் சுமந்து வந்த விமானங்கள் இறங்கியது இங்கேதான். 2008-ல் விமானப் போக்குவரத்து நின்றுபோனது. அதே கான்கிரீட் தளத்தில் 2017 ஜூன் 10 சனிக்கிழமையன்று 20 கார்கள் வரிசையில் நின்றன. எஞ்சின் உறுமல் இல்லை, பெட்ரோல் வாசனை இல்லை. உயர்ந்த ஸ்தாயியில் ஒரு ரீங்காரம் மட்டும்தான். முன்வரிசையில் இரண்டாம் இடத்தில் நின்ற கார் இந்தியாவைச் சேர்ந்த மஹிந்திரா அணியுடையது.

முதலிடத்தில் நின்றவர் பிரேசிலின் லூக்காஸ் டி கிராஸி. மின்சாரக் கார் பந்தயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர். அந்த ஆண்டின் சாம்பியன் பட்டமும் கடைசியில் அவருக்குத்தான் போனது. ஆனால் அன்று பந்தயம் முடிந்தபோது அவருக்கு முன்னால் கோட்டைத் தாண்டியவர் 25 வயது ஸ்வீடன் இளைஞர் ஃபெலிக்ஸ் ரோசன்க்விஸ்ட். மூன்றாவதாக வந்தவர் மஹிந்திராவின் இன்னொரு ஓட்டுநரான ஜெர்மனியின் நிக் ஹைட்ஃபெல்ட். ஃபார்முலா-இ தொடங்கியதிலிருந்து 27 பந்தயங்களில் ஓடி வெறுங்கையுடன் திரும்பிய அணி, 28-வது பந்தயத்தில் முதல் முறையாக வென்றது. அதுவும் மேடையின் மூன்று படிகளில் இரண்டைப் பிடித்துக்கொண்டு.

மறுநாளே இன்னொரு பாடம் காத்திருந்தது. ஞாயிறன்று அதே தளத்தில் நடந்த இரண்டாவது பந்தயத்திலும் கோட்டை முதலில் தாண்டியவர் ரோசன்க்விஸ்ட்தான். ஆனால் வெற்றி அவருக்குக் கிடைக்கவில்லை. அப்போதைய பேட்டரி முழுப் பந்தயத்துக்கும் தாக்குப்பிடிக்காது. அதனால் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் இரண்டு கார்கள். பாதிப் பந்தயத்தில் பிட் பகுதிக்குள் நுழைந்து, ஒரு காரிலிருந்து குதித்து இன்னொன்றில் ஏறி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்பும்போது ரோசன்க்விஸ்டின் காரை ஆபத்தான முறையில் வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று நடுவர்கள் 10 விநாடி அபராதம் விதித்தார்கள். சுவிட்சர்லாந்தின் செபாஸ்டியன் புவேமி முதலிடத்துக்கு உயர, ரோசன்க்விஸ்ட் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். ஓட்டுநர் ஜெயித்ததை பிட்டில் நேர்ந்த ஒரு தவறு பறித்துவிட்டது. முதல் வெற்றியின் மயக்கம் தெளிய 24 மணி நேரம்கூட ஆகவில்லை.

ஃபார்முலா-இ என்பது வேகத்துக்கான போட்டி மட்டுமல்ல. சிக்கனத்துக்கான போட்டியும்கூட. அன்றைய கார்கள் பயன்படுத்த முடிந்த மின்சாரம் 28 கிலோவாட் மணி. வீட்டு மின் கட்டணக் கணக்கில் சொன்னால் 28 யூனிட். பந்தயத்தின்போது மோட்டார் எடுத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட உச்ச சக்தி 170 கிலோவாட். அந்த வேகத்தில் மிதித்துக்கொண்டே போனால் சில நிமிடங்களில் பேட்டரி காலி. ஆகவே ஓட்டுநர் வளைவுக்குச் சற்று முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். கார் தன் வேகத்திலேயே உருள்கிறது. பிரேக் பிடிக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வீணாகப் போகும் வேகத்தைத் திரும்பவும் மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது. முன்னால் போகிறவரைவிட ஒரு சதவீதம் அதிகம் மிச்சம் பிடித்தவர் கடைசிச் சுற்றுகளில் அவரை விரட்டலாம். பெர்லின் கான்கிரீட்டோ டயரைத் தேய்த்துத் தின்னும் ரகம். பொறுமையும் கணக்கும் இல்லாதவர்கள் அங்கே ஜெயிக்க முடியாது.

பொறுமைக்கு ஹைட்ஃபெல்டைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபார்முலா ஒன் பந்தயங்களில் 13 முறை மேடை ஏறியும் ஒருமுறைகூட வெல்லாதவர். 2014 செப்டம்பரில் பெய்ஜிங்கில் நடந்த முதல் ஃபார்முலா-இ பந்தயத்தில், அப்போது வென்டூரி அணியில் இருந்த அவர், கடைசி வளைவில் முன்னணியில் இருந்தவரை முந்த முயன்று, மோதலில் சிக்கி, கார் காற்றில் பறந்து தலைகீழாக விழுந்தது. காயமின்றித் தப்பினார். 2015-ல் மஹிந்திராவில் சேர்ந்து அதே பெய்ஜிங்கில் மூன்றாமிடம் பெற்று அணியை முதன்முதலாக மேடை ஏற்றினார். அணிக்கு முதல் வெற்றி வந்தபோதும் அவர் மேடையில்தான் இருந்தார். மூன்றாவது படியில்.

இந்தக் கதை பெர்லினில் தொடங்கவில்லை. பெங்களூர் கன்டோன்மென்ட் பகுதியில் ரிச்சர்ட்ஸ் டவுன், காக்ஸ் டவுன், ஃபிரேசர் டவுன் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பேட்டைகளில் தமிழ் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. இந்த மாதிரிக் குறுகலான நகரத் தெருக்களை மனதில் வைத்துத்தான் 2001-ல் ரேவா என்ற குட்டிக் கார் பெங்களூரில் அறிமுகமானது. இரண்டு கதவு, முன்னால் இரண்டு பெரியவர்கள், பின்னால் இரண்டு குழந்தைகள். பானட்டைத் திறந்தால் எஞ்சின் கிடையாது. ஈய-அமில பேட்டரிகளால் ஓடிய இந்தக் காரை வீட்டு பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றலாம். ஒரு முறை ஏற்றினால் சுமார் 80 கிலோமீட்டர். பொம்மைக் கார் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் அது விற்றது. இந்தியத் தெருக்களைவிட அங்கேதான் அதற்கு மவுசு.

ரேவாவை உருவாக்கியவர் சேத்தன் மைனி. பெங்களூரின் மைனி குழுமம் அமெரிக்காவின் அமெரிகான் நிறுவனத்துடன் 1994-ல் கூட்டுச் சேர்ந்து இந்த முயற்சியைத் தொடங்கியது. 2010 மே மாதம் மஹிந்திரா நிறுவனம் ரேவாவின் 55.2 சதவீதப் பங்குகளை வாங்கியது. 2013 மார்ச்சில் அடுத்த காரான இ2ஓ வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பரில், உலகின் முதல் மின்சார ஃபார்முலா பந்தயத் தொடரில் கலந்துகொள்வதாக மஹிந்திரா அறிவித்தது. தொடங்கிய 10 அணிகளில் இந்திய அணி இது ஒன்றுதான். மின்சாரக் கார் என்றாலே மெதுவாக ஊரும் வண்டி என்றிருந்த எண்ணத்தை உடைக்க, பந்தயத்தைவிட நல்ல விளம்பரம் கிடைக்காது என்பது எளிய வியாபாரக் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு தமிழ்நாட்டுக்காரரும் இருந்தார். முதல் ஆண்டில் மஹிந்திராவுக்காக ஓட்டிய இருவரில் ஒருவர் சென்னையின் கருண் சந்தோக். பெய்ஜிங்கின் முதல் பந்தயத்திலேயே ஐந்தாவதாக வந்தார். மோட்டார் பந்தயம் அவர் ரத்தத்தில் ஊறியது. தாத்தா இந்து சந்தோக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். அந்தக் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்திய சோழவரமும் டெம்பல்ஹாஃபைப் போலவே விமானங்கள் கைவிட்ட ஓடுதளம்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் தளம் வரும் வரை தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான்.

ஆனால் பெர்லினில் முதல் வெற்றி வந்தபோது மஹிந்திரா காரில் இந்திய ஓட்டுநர் இல்லை. சந்தோக் முதல் ஆண்டுடன் விலகிவிட்டார். காரின் உடற்பகுதி எல்லா அணிகளுக்கும் ஒரே மாதிரியானது, ஐரோப்பாவில் தயாரானது. இரண்டாவது ஆண்டிலிருந்து மோட்டாரையும் அதைச் சார்ந்த பாகங்களையும் அணிகளே உருவாக்க அனுமதி கிடைத்தது என்றாலும், அதற்கும் ஐரோப்பியத் தொழில்நுட்பக் கைகள் தேவைப்பட்டன. தலைமையில் இந்தியரான தில்பாக் கில் இருந்தார். பெயர், பணம், முடிவு இந்தியாவுடையவை. ஸ்டியரிங்கைப் பிடித்த கை ஸ்வீடனுடையது. இதை இந்திய வெற்றி என்று கொண்டாடலாமா?

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு உதாரணங்கள் உண்டு. விஜய் மல்லையா 2008-ல் களமிறக்கிய ஃபோர்ஸ் இந்தியா அணி 2018 வரை ஃபார்முலா ஒன்னில் ஓடியது. 2009-ல் பெல்ஜியத்தில் முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்து இரண்டாவதாக வந்ததுதான் அதன் உச்சம். கடைசி வரை வெற்றியே இல்லை. மற்றொன்று, நாடுகளுக்கிடையே நடந்த ஏ-1 கிராண்ட் பிரி தொடர். 2007 டிசம்பர் 16 அன்று சீனாவின் ஜுஹாய் நகரில் பிரதான பந்தயத்தை வென்று இந்திய அணிக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தவர் கோவையின் நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரும் அவர்தான். அங்கே ஓட்டுநர் இந்தியர். ஆனால் அந்தத் தொடரே 2009-க்குப் பிறகு காணாமல் போனது.

மஹிந்திராவின் வெற்றி தொடர்ந்தது என்பதுதான் வித்தியாசம். 2016-17 பருவத்தை அணி மூன்றாமிடத்தில் முடித்தது. 2017 டிசம்பரில் ஹாங்காங், 2018 ஜனவரியில் மராகேஷ் என்று ரோசன்க்விஸ்டே மேலும் இரண்டு வெற்றிகள் தந்தார். 2019-ல் பெல்ஜியத்தின் ஜெரோம் தாம்ப்ரோசியோ, 2021-ல் லண்டனில் பிரிட்டனின் அலெக்ஸ் லின். பெர்லினில் தோற்ற டி கிராஸியே 2023-ல் மஹிந்திரா காரை ஓட்டினார்.

சொந்த மண்ணில்தான் கதை அவ்வளவு சுகமாக இல்லை. 2023 பிப்ரவரி 11 அன்று ஐதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் இந்தியாவின் முதல் ஃபார்முலா-இ பந்தயம் நடந்தது. அடுத்த ஆண்டுப் பந்தயம், மாநிலத்தில் ஆட்சி மாறியதும் 2024 ஜனவரியில் ரத்தானது. செலவு பற்றிய சர்ச்சை வழக்கு வரை போனது. நம் நாட்டில் கார் பந்தயம் அரசியலின் பிரேக்குக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு இன்னொரு சாட்சி.

ஆனால் சாலையில் வேறு காட்சி. பெர்லின் வெற்றிக்கு மறு ஆண்டு, 2018 நவம்பரில், மஹிந்திரா பெங்களூரில் ட்ரியோ என்ற மின்சார ஆட்டோவை வெளியிட்டது. 2024 நவம்பரில் அதன் புதிய தலைமுறை மின்சாரக் கார்கள் சென்னையில் அறிமுகமாயின. ரேவா 80 கிலோமீட்டருக்குத் தள்ளாடிய இடத்தில் இவை பல நூறு கிலோமீட்டர் போகின்றன. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது பந்தயத் தளத்தில் வெற்றியைத் தீர்மானிக்கிறது. சாலையில் ஆட்டோ ஓட்டுகிறவரின் தினக் கூலியையே தீர்மானிக்கிறது.

எஞ்சியிருப்பது அந்த ஸ்டியரிங். 2024-ன் இறுதியில் மஹிந்திரா தன் ரிசர்வ் ஓட்டுநராக ஒரு பெங்களூர் இளைஞரை நியமித்தது. பெயர் குஷ் மைனி. ரேவாவை உருவாக்கிய அதே மைனி குடும்பம். 2025 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா-2 ஸ்பிரின்ட் பந்தயத்தை வென்று, அங்கே வெற்றி பெற்ற முதல் இந்தியர் ஆனார். ரிசர்வ் என்றால் காத்திருக்கும் நாற்காலி. மஹிந்திராவின் முதல் வெற்றிக்கு 28 பந்தயங்கள் பிடித்தன. ஓர் இந்தியர் ஓட்டி அந்த அணி ஜெயிக்கும் நாள் வந்தால், பெர்லின் எழுப்பிய கேள்விக்கு அன்று பதில் கிடைத்துவிடும்.