கண்ணாடிக் கோபுரங்களின் கணக்கு: டவுன்ரவுன் கொண்டோவை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ரொறன்ரோ டவுன்ரவுனில் கொண்டோ வாங்குவது பற்றி எங்கள் குடும்பங்களில் கதைக்கும்போது விலை என்ன, வட்டி என்ன, சப்வே எவ்வளவு தூரம் என்ற கேள்விகள் எல்லாம் வரும். கட்டடம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் வருவதில்லை. ஊரில் ஒரு வீடு வாங்குவதென்றால் சுவரைத் தட்டிப் பார்ப்போம். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்ப்போம். மாரியில் வெள்ளம் எங்கே நிற்கும் என்று அயலவரைக் கேட்போம். இங்கேயோ பல இலட்சம் டொலர் கொடுத்து வாங்கும் ஒன்றுக்கு, விற்பனை அலுவலகத்தில் இருக்கும் மாதிரிக் கட்டடத்தையும் வர்ணப் படத்தையும் பார்த்துக் கையெழுத்து வைத்துவிடுகிறோம்.

கணக்குத் தொழிலில் இருக்கும் எங்களிடம் வருமான வரிக் கடதாசிகளோடு கொண்டோவின் ஆண்டுக் கணக்கறிக்கையையும் கொண்டுவந்து, "மாதக் கட்டணம் ஏன் இப்படி ஏறுது?" என்று கேட்கும் குடும்பங்கள் பல. அதற்கான விடையின் பெரும் பகுதி கட்டடத்தின் வெளிப்புறத்திலேயே இருக்கிறது. கட்டடக் கலை என்றால் அழகு பற்றிய பேச்சு, வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று விட்டுவிடுகிறோம். கொண்டோவில் அது மாதக் கட்டணமாக எங்கள் வங்கிக் கணக்குக்கே வந்து சேர்கிறது. அது எப்படி என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

பழைய மாடிகளும் புதிய மாடிகளும்

எண்பதுகளின் பிற்பகுதியில் கனடா வந்த எங்களில் பலருக்கு முதல் முகவரி வெலஸ்லி – பார்லிமென்ற் சந்தியை அண்டிய சென்ற் ஜேம்ஸ் ரவுன். அங்குள்ள உயர்மாடிகள் 1960களில் வாடகைக்காகக் கட்டப்பட்டவை. கொங்கிறீற் சட்டகம், இடையில் செங்கல் சுவர், அளவான யன்னல்கள். குறைகள் இருந்தன. எலிவேற்றர் அடிக்கடி நிற்கும், குளிர் உள்ளே வரும், கரப்பான் தொல்லையும் உண்டு. ஆனால் அறைகள் பெரியவை. இரண்டு குடும்பங்கள் ஒன்றாக இருந்து சமாளிக்க முடிந்தது அதனால்தான்.

அந்தக் காலக் கட்டடங்களில் அழகானவையும் உண்டு. பிரின்ஸ் ஆர்தர் அவெனியூவில் அடிப்பாகம் விரிந்து நிற்கும் வெள்ளைக் கோபுரத்தைப் பலர் கண்டிருப்பீர்கள். எஸ்தோனியாவில் பிறந்து, அகதியாக நாட்டைவிட்டு வெளியேறிய ஊனோ பிறீ என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது அது. சாதாரண வாடகை மாடியையும் கவனத்தோடு வரையலாம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

2000க்குப் பிறகு நகரம் வேகமாக உயர்ந்தது. பழைய ரயில் நிலங்களிலும், ஏரிக்கரையிலும், யங் வீதி நெடுகிலும் கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்தன. அவற்றிலும் நல்லவை உண்டு. மிசிசாகாவில் 2012இல் முடிவடைந்த, முறுக்கிவிட்டதுபோல் நிற்கும் அப்சொலூட் இரட்டைக் கோபுரங்கள் உலகளவில் பெயர் பெற்றவை. ஆனால் தொகையில் அதிகமானவை ஒரே அச்சில் வார்த்தவை: கீழே கடைகள், மேலே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வரிசை வரிசையாகப் பல்கனி.

யன்னல் சுவரும் திரைச் சுவரும்

வெளியிலிருந்து எல்லாம் ஒரே கண்ணாடியாகத் தெரிந்தாலும் கட்டும் முறை இரண்டு. ஒன்று 'விண்டோ வோல்' எனப்படும் யன்னல் சுவர். ஒவ்வொரு மாடியின் கொங்கிறீற் தளத்துக்கும் அதற்கு மேலுள்ள தளத்துக்கும் இடையில் கண்ணாடிச் சட்டங்களைச் செருகிவிடுவார்கள். மற்றது 'கேட்டின் வோல்' எனப்படும் திரைச் சுவர். இதில் கண்ணாடி தளங்களுக்கு வெளியே, திரைச்சீலைபோல் தொடர்ச்சியாகத் தொங்கும். அலுவலகக் கோபுரங்களில் இதைக் காணலாம். செலவு கூடியது, நீரையும் காற்றையும் நன்றாகத் தடுக்கும்.

ரொறன்ரோ கொண்டோக்களில் பெரும்பாலானவை யன்னல் சுவரால் ஆனவை. அது மலிவானது, கிறேன் இல்லாமல் உள்ளே நின்றே பொருத்தக்கூடியது. நடைபாதையில் நின்றே இதைக் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கிடைக்கோட்டுப் பட்டி தெரிந்து, கண்ணாடி அங்கங்கே அறுந்து நின்றால் அது அநேகமாக யன்னல் சுவர். பல மாடிகளைத் தாண்டி அறுபடாமல் ஓடினால் திரைச் சுவர்.

யன்னல் சுவர் என்பதாலேயே கட்டடம் கெட்டது என்று முடிவெடுக்க வேண்டாம். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் மேலும் கீழும் இணைப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் நீர் புகக்கூடிய இடம். இரட்டைக் கண்ணாடிகளைச் சுற்றியுள்ள அடைப்பு பொதுவாக 20 முதல் 25 வருடங்களில் களைத்துவிடும். அதன் பிறகு கண்ணாடிகளுக்கு இடையில் புகார் படியும். மேலும், அலுமினியச் சட்டத்தில் பொருத்திய சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு, நன்றாகக் காப்பிட்ட சுவரின் வெப்பத் தடுப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. தை மாதக் குளிரில் யன்னலோரம் இருக்க முடியாமலும், ஆடி மாதத்தில் மேற்குப் பார்த்த அறையில் படுக்க முடியாமலும் போவது இதனால்தான்.

பல்கனி

பல கட்டடங்களில் பல்கனி என்பது உள்ளே இருக்கும் கொங்கிறீற் தளத்தின் தொடர்ச்சியே. இடையில் வெப்பத் தடுப்பு இல்லாவிட்டால், மாரியில் வீட்டுச் சூடு அந்தத் தளத்தின் வழியே வெளியே போய்விடும். மோட்டார் சைக்கிள் எஞ்சினில் சூட்டை வெளியேற்றும் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல்கனிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன, நாங்கள் விரும்பாமலே.

பல்கனித் தடுப்புக் கண்ணாடிக்கும் ஒரு வரலாறு உண்டு. 2010, 2011 காலத்தில் டவுன்ரவுனின் புதிய கட்டடங்கள் பலவற்றிலிருந்து பல்கனிக் கண்ணாடிகள் உடைந்து வீதியில் விழுந்தன. அதன் பிறகு 2012இல் ஒன்ராறியோ தன் கட்டட விதிகளைத் திருத்தி, உடைந்தாலும் சிதறி விழாத ஒட்டுக் கண்ணாடியைப் பல இடங்களில் கட்டாயமாக்கியது. ஆகவே பழைய கொண்டோ ஒன்றை வாங்குவோர், பல்கனிக் கண்ணாடிகள் மாற்றப்பட்டனவா என்று கேட்பது நல்லது.

உள்ளே வந்து பார்த்தால்

டவுன்ரவுன் கொண்டோவில் மாடிக்கு நடுவே நீண்ட நடைகூடம், இருபுறமும் யூனிற்றுகள். ஆகவே மூலை யூனிற்றைத் தவிர மற்றவற்றுக்கு ஒரே பக்கத்தில்தான் வெளிச்சம். அந்த ஒரே பக்கத்தை இருக்கை அறை எடுத்துக்கொண்டால், படுக்கையறை உள்ளே தள்ளப்பட்டு, யன்னலுக்குப் பதிலாக ஒரு தள்ளு கண்ணாடிக் கதவு கிடைக்கும். வரைபடத்தில் அது 'பெட்ரூம்' என்றுதான் இருக்கும். ஊரிலிருந்து வந்து எங்களோடு வாழும் அம்மா அப்பாவுக்குத்தான் பல வீடுகளில் அந்த அறை ஒதுக்கப்படுகிறது. வெளியே விடிந்ததா என்று தெரியாத அறை அது.

குசினியும் இருக்கை அறையின் ஒரு சுவராகச் சுருங்கிவிட்டது. அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, வடிகட்டிவிட்டு மீண்டும் உள்ளேயே விடுகிறதா என்று கேளுங்கள். மீன் பொரிக்கும் வீடுகளுக்கு இது சின்ன விடயமில்லை.

இவற்றை நகரசபை அறியாமல் இல்லை. 2013இன் உயர்கட்டட வழிகாட்டி கோபுரங்களுக்கு இடையே குறைந்தது 25 மீற்றர் இடைவெளி கேட்கிறது. 2020இல் ஏற்கப்பட்ட 'குறோவிங் அப்' வழிகாட்டி, புதிய கட்டடங்களில் 15 சதவீதம் இரண்டு அறை வீடுகளும் 10 சதவீதம் மூன்று அறை வீடுகளும் இருக்க வேண்டும் என்கிறது. மூன்று அறை வீட்டுக்கு அது விரும்பும் பரப்பு 106 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 1,140 சதுர அடி. ஆனால் இவை வழிகாட்டிகள், சட்டம் இல்லை.

ஏன் இப்படிக் கட்டுகிறார்கள்?

கட்டடத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி, பொதுவாக 70 சதவீதம் அளவில் யூனிற்றுகள் முன்கூட்டியே விற்றுப்போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். நான்கைந்து வருடங்களுக்கு முன்னரே, வரைபடத்தைப் பார்த்து வாங்க வருபவர்களில் கணிசமானோர் முதலீட்டாளர். அங்கே வாழப்போகாதவருக்கு அறையின் வெளிச்சமோ குசினிப் புகையோ பொருட்டில்லை. மொத்த விலை குறைவாக இருந்தால் போதும். ஆகவே யூனிற் சிறுத்தது, வெளிச்சுவர் மலிந்தது, வரவேற்புக் கூடத்துக்குப் பளிங்கு பதித்தார்கள்.

கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 2022இன் தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்தது, 2023 ஜூலையில் 5 சதவீதமானது. அதன் பிறகு அந்தச் சின்ன யூனிற்றுகளை விற்கவும் முடியாமல், வாடகையால் கடனைக் கட்டவும் முடியாமல் இருப்பவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு.

இனிக் கணக்குக்கு வருவோம்

பெரும்பாலான உயர்மாடிக் கொண்டோக்களில் வெளி யன்னல்கள் பொதுச் சொத்து. உங்கள் யன்னலுக்கு மட்டுமல்ல, எல்லாருடைய யன்னலுக்கும் நீங்கள் பங்கு கட்டுகிறீர்கள். அதற்காகத்தான் 'றிசேர்வ் பண்ட்' எனப்படும் சேமநிதி.

ஒரு கற்பனைக் கட்டடத்தை எடுப்போம். அதில் 300 யூனிற்றுகள். வெளிக் கண்ணாடி முழுவதையும் 25ஆம் வருடத்தில் மாற்ற 12 மில்லியன் டொலர் தேவை என்று வைத்துக்கொள்வோம். எல்லா யூனிற்றுக்கும் சம பங்கு என்றால் ஒவ்வொன்றுக்கும் 40,000 டொலர். முதல் மாதத்திலிருந்தே சேர்த்தால் 300 மாதங்களுக்கு மாதம் ஏறத்தாழ 133 டொலர். 15 வருடம் சேர்க்காமல் விட்டுப் பிறகு தொடங்கினால் மிச்சம் 120 மாதங்கள், மாதம் 333 டொலர். கடைசி வரை சேர்க்காவிட்டால் ஒருநாள் 40,000 டொலருக்கான கடிதம் கதவடிக்கு வரும். அதைத்தான் 'ஸ்பெஷல் அசெஸ்மென்ற்' என்கிறார்கள். வட்டியையும் விலையேற்றத்தையும் இந்தக் கணக்கில் நாங்கள் சேர்க்கவில்லை.

புதிய கட்டடத்தின் மாதக் கட்டணம் குறைவாக இருப்பதன் காரணமும் இதில் தெரியும். ஒன்ராறியோ சட்டப்படி, முதலாவது சேமநிதி ஆய்வு முடியும்வரை, சேமநிதிக்கு வரவுசெலவுத் திட்டச் செலவின் 10 சதவீதத்தை ஒதுக்கினால் போதும். ஆய்வு வந்ததும் உண்மைத் தேவை தெரியவரும், கட்டணம் ஏறும். விற்பனையின்போது காட்டிய தொகையை வைத்து வங்கிக் கடனைக் கணக்கிட்ட குடும்பம் அங்கேதான் இடறுகிறது.

இது ரொறன்ரோவுக்கு மட்டும் உரிய கதையில்லை. வன்கூவரில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கட்டிய கொண்டோக்களின் வெளிச்சுவரால் மழைநீர் புகுந்து, திருத்தச் செலவைத் தாங்க முடியாமல் பல குடும்பங்கள் வீடிழந்தன. 1998இல் அதற்கென விசாரணை ஆணைக்குழுவே அமைக்கப்பட்டது. லண்டனில் 2017இல் கிரென்பெல் கோபுரத் தீ 72 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு, ஆபத்தான வெளிப்பூச்சுள்ள மாடிகளில் வீடு வாங்கியிருந்தோர் விற்கவும் முடியாமல் தவித்தார்கள்.

வாங்குமுன் செய்ய வேண்டியவை

ஏற்கெனவே ஆட்கள் வாழும் கட்டடம் என்றால் 'ஸ்ரேற்றஸ் சேர்ட்டிபிக்கற்' கேளுங்கள். கட்டணம் 100 டொலர், 10 நாட்களுக்குள் தரவேண்டும். உங்கள் சட்டத்தரணி அதைப் பார்த்துச் சரி சொன்னால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் போடுங்கள். சேமநிதி ஆய்வு மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதில் யன்னல், பல்கனி, கூரை, எலிவேற்றர் ஆகிய நான்குக்கும் எந்த வருடத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்தச் சுருக்கத்தை உங்கள் கணக்காளரிடமும் காட்டுங்கள், பத்து நிமிட வேலை.

புதிதாகக் கட்டப்படும் கொண்டோ என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலக உங்களுக்கு 10 நாட்கள் உண்டு. அந்த நாட்களில் கொண்டாட்டத்தைத் தள்ளிவைத்து, வெளிச்சுவர் என்ன வகை, படுக்கையறைக்கு யன்னல் உண்டா, எத்தனை யூனிற்றுக்கு எத்தனை எலிவேற்றர் என்று பாருங்கள். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 100 யூனிற்றுக்கு ஒன்று. அதே நிறுவனம் பத்து வருடங்களுக்கு முன் கட்டிய கட்டடத்துக்குப் போய், வாசலில் சந்திக்கும் ஒருவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தண்ணீர் கசிகிறதா? கட்டணம் எவ்வளவு ஏறியது?

குடிபுகுந்த பிறகு உத்தரவாதத் திகதிகளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வேலைப்பாட்டுக் குறைகளுக்கு 1 வருடம், வெளிச்சுவரால் நீர் புகுதல், மின்சாரம், குழாய் போன்றவற்றுக்கு 2 வருடங்கள், பெரிய கட்டமைப்புக் குறைகளுக்கு 7 வருடங்கள். கட்டடம் பதிவான 6ஆம் மாதத்துக்கும் 10ஆம் மாதத்துக்கும் இடையில், பொதுப் பகுதிகளின் குறைகளைப் பொறியியலாளர் அல்லது கட்டடக் கலைஞரைக் கொண்டு ஆராய நிர்வாகசபை ஏற்பாடு செய்ய வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள் அறிவிக்கப்படாத கசிவு பின்னர் எங்கள் சேமநிதியிலிருந்துதான் திருத்தப்படும். ஆகவே ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். கோயில் கூட்டத்துக்கும் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கும் போகும் நாங்கள், எங்கள் பெரிய சொத்தின் கூட்டத்துக்கு மட்டும் வெற்றுப் பதிலாள் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறோம்.

எங்கள் பிள்ளைகள் பலர் வேலைக்கு அருகில், டவுன்ரவுனில் இருக்க விரும்புகிறார்கள். அதில் தவறில்லை. முற்பணத்துக்கு எங்கள் சேமிப்பையும், சில வேளை ஸ்காபரோ வீட்டின் மேல் எடுத்த கடனையும் கொடுக்கிறோம். அந்தக் காசுக்குப் பின்னால் இரண்டு வேலை செய்த வருடங்கள் இருக்கின்றன. கையெழுத்து வைக்குமுன் ஒரு சனிக்கிழமை பிள்ளையோடு அந்தக் கட்டடத்தின் முன்னே போய் நின்று, அண்ணாந்து பாருங்கள். கண்ணாடி எங்கே அறுபடுகிறது, பல்கனி எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று இருவருமாகப் பார்த்துவிட்டு, பிறகு விலையைக் கதையுங்கள்.