ஆய்வு நெறியாளருக்கும் பயிற்சி வேண்டுமா?

ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டுக் குழந்தைக்கு அகரம் எழுதக் கற்பிக்க வருபவர், முன்னதாகவே பயிற்சி பெற்றிருத்தல் வேண்டும். மாதிரிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பாடக் குறிப்பு எழுதித் திருத்தம் பெற வேண்டும். ஆனால், மருத்துவ ஆராய்ச்சிக்கூடத்திலே ஓர் இளைஞரின் நான்கைந்து ஆண்டுகளைத் தம் கையில் வைத்திருக்கும் பேராசிரியர், மாணவரை நடத்தும் முறையை ஒருநாளேனும் பயின்றிருக்க வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் கேட்டதில்லை. தம் ஆசிரியர் தமக்குச் செய்ததையே அவரும் தம் மாணவருக்குச் செய்தார். நல்லாசிரியர் வாய்த்திருந்தால் நன்று. இல்லையேல், மாமியாரிடம் பட்ட மருமகள் தானே மாமியாரான கதைதான்.

இதன் விளைவு சிறிதன்று. பள்ளியிலே ஓர் ஆசிரியர் கடிந்துகொண்டால் மற்றோர் ஆசிரியர் அணைத்துக்கொள்வார். ஆராய்ச்சிக்கூடத்திலோ உதவித்தொகை, கட்டுரையில் பெயர் வரும் வரிசை, பட்டம், அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதம் ஆகிய யாவும் ஒருவரையே சார்ந்திருக்கின்றன. அவர் ஏளனமாக ஒரு சொல் சொன்னால் மறுத்துப் பேச மாணவருக்கு நா எழாது. அம்மாணவர் பெண்ணாகவோ, சிறுபான்மை இனத்தவராகவோ, குடும்பத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகுந்தவராகவோ இருந்தால், தமக்கு இங்கே இடமில்லை போலும் என்று எண்ணி ஓசையின்றி விலகிவிடுவதும் உண்டு.

சொல்ல வேண்டியதைத் தலைவர் தெளிவாகச் சொல்லாமையால் விளைந்த கேட்டிற்கு லண்டன் கிங்ஸ் கல்லூரியே சான்று. 1950ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கிருந்த ஆய்வுப் பிரிவின் தலைவர் ஜான் ராண்டால், ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையாருக்குக் கடிதம் எழுதினார். டி.என்.ஏ. பற்றிய எக்ஸ்-கதிர் ஆய்வை அப்போதைக்கு அவரும் மாணவர் கோஸ்லிங்கும் மட்டுமே செய்வர் என்பது அதன் கருத்து. அவ்வாய்வில் ஏற்கனவே ஈடுபட்டிருந்த மாரிஸ் வில்கின்சுக்கு இச்செய்தி தெரிவிக்கப்படவில்லை. அம்மையார் தமக்குத் துணையாக வருகிறார் என்று அவர் எண்ணினார். பொறுப்பு தம்முடையதே என்று அம்மையார் எண்ணினார். இருவரும் மனம் கசந்தனர். 1953இல் பிராங்க்ளின் பிர்க்பெக் கல்லூரிக்குச் சென்றுவிட்டார். அங்கே அவர் வைரசு ஆய்வில் ஒரு குழுவையே நடத்தினார். அவருடன் பணிபுரிந்த ஆரன் குளூக் 1982இல் நோபல் பரிசு பெற்றார். இடம் மாறியதும் அவர் மாறிவிடவில்லை. நடத்தப்பட்ட விதமே மாறியது என்று கொள்வதில் தவறில்லை.

நெறியாளருக்கான பயிற்சியை ஒழுங்குபடுத்தியவர்களுள் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். ஜோ ஹேண்டல்ஸ்மன், கிறிஸ்டீன் பண்ட் ஆகியோர் தம் துணைவருடன் 2005இல் இதற்கென ஒரு கையேடு வெளியிட்டனர். இது சொற்பொழிவு கேட்கும் பயிற்சியன்று. பேராசிரியர்கள் சிலர் வட்டமாக அமர்வர். ஒரு நிகழ்ச்சி வாசிக்கப்படும். மாணவி ஒருத்தி மூன்று வாரமாகக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். சோம்பல் என்பார் ஒருவர். அச்சம் என்பார் மற்றொருவர். முன்னொரு நாள் அவள் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டு யாரோ சிரித்ததை நினைவுகூர்வார் மூன்றாமவர். அவளிடம் எவரேனும் கேட்டதுண்டா என்ற வினா எழும்போது அறையில் அமைதி நிலவும். அந்த அமைதியிலேதான் பாடம் தொடங்குகிறது.

பயன் உண்டா என்பதையும் அவர்கள் சோதித்தனர். 16 நிறுவனங்களைச் சேர்ந்த 283 நெறியாளர்-மாணவர் இணைகளைக் கொண்டு நடந்த அச்சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. எட்டு மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள் தம் திறமை வளர்ந்ததாகக் கூறினர். தம்மைத் தாமே மெச்சிக்கொள்வது எளிது. அவர்தம் மாணவர்களும் மாற்றத்தைக் கண்டதாகச் சொன்னதே கருதத்தக்கது.

எனினும், தம்மிடம் ஓரவஞ்சனை உண்டு என்று எவரும் எளிதில் ஒப்புவதில்லை. 2012இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை 127 அறிவியல் பேராசிரியர்களிடம் கொடுத்தனர். சிலருக்கு ஜான் என்ற ஆண் பெயரிலும், சிலருக்கு ஜெனிபர் என்ற பெண் பெயரிலும் அது சென்றது. ஜானுக்குச் சராசரியாக 30,238 டாலர் ஆண்டுச் சம்பளம் தரலாம் என்றனர்; ஜெனிபருக்கு 26,508 டாலர். இவ்வாறு மதிப்பிட்டவருள் பெண் பேராசிரியர்களும் அடங்குவர். இதனைக் காட்டுவதன் நோக்கம் குற்றம் சாட்டுவதன்று. ஆள் தேர்வில் தம் கண்ணை மட்டும் நம்பாமல், அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் செய்வதே.

கொடுமைக்காரரை எட்டு மணி நேரம் திருத்தாது. அதற்கு வேறு வழி வேண்டும். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை 2018இல் ஒரு விதி வகுத்தது. அதன்படி, மாணவரையும் உடன் பணிபுரிபவரையும் துன்புறுத்தியதாக நிறுவப்பட்டவருக்கு ஆய்வுப் பணம் நிறுத்தப்படலாம். பணம் என்றதும் காது கேட்கும் பேராசிரியரும் உளர் அல்லவா!

மற்றவர்க்கோ, பயிற்சியில் கற்பிக்கப்படும் எளிய பழக்கமொன்றே பெருந்துணையாகும். மாணவர் சேர்ந்த முதல் மாதத்திலேயே இருவரும் அமர்ந்து, வாரத்தில் எப்போது சந்திப்பது, கட்டுரைக் குறிப்பைத் திருத்தித் தர எத்தனை நாள், கட்டுரையில் யார் பெயர் முதலில், விடுமுறை எவ்வளவு என்பவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்கின்றனர். ஆண்டுதோறும் அத்தாளை எடுத்துப் படித்து, மாற்ற வேண்டியதை மாற்றுகின்றனர். முதலில் பேசுபவர் மாணவராகவே இருத்தல் வேண்டும். நெறியாளர் தொடங்கிவிட்டால் மாணவர் தலையாட்டுவதோடு நின்றுவிடுவார்.