கோபுரத்துப் புறாவும் எஃகு முள்ளும்

எங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்கிற்கான திருப்பணிக் குழு கூடியிருந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கணக்கும் தீர்மானமும் எழுதும் பொறுப்பு அடியேனுடையது. ராஜகோபுரத்தின் நிலைதோறும் பறவைத் தடுப்பு முட்களைத் தம் செலவிலேயே பொருத்தித் தர அன்பர் ஒருவர் முன்வந்திருந்தார். தீர்மானம் எழுதப் பேனாவைத் திறந்தபோது, நாள்தோறும் சந்நிதியில் கோலமிடும் முதிய அம்மையார் எழுந்தார்.

"சாமி கோபுரத்துல முள்ளு வைக்கலாமா சார்? அந்தப் புறாவெல்லாம் எங்க போகும்?"

அவருக்கு மறுமொழி கூற எவராலும் இயலவில்லை. எனக்கோ அந்தக் கேள்வி வேறொரு நாளை நினைவூட்டியது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மனைவிக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. பால்கனியில் புறா எச்சம் சேர விடக்கூடாது என்றார் மருத்துவர். மறுநாளே ஆள் வைத்துச் சன்ஷேடு முழுவதும் முள் பதித்தேன். பணி முடிந்தபின், "மூலையில ஒரு கூடு இருந்துச்சு சார், ரெண்டு முட்டை. எடுத்துப் போட்டுட்டேன்" என்றார் அந்தத் தொழிலாளி. முன்னதாகப் பார்த்திருக்க வேண்டியவன் நான். இரண்டு நாள் ஒரு புறா அந்த விளிம்பருகே வந்து வந்து சென்றது. அதனை இன்றும் மறக்க இயலவில்லை.

முள் என்றவுடன் பறவையைக் குத்திக் கொல்லும் கருவி என எண்ண வேண்டா. பிளாஸ்டிக் பட்டையில் மெல்லிய எஃகுக் கம்பிகளை மேல்நோக்கிச் செருகியிருப்பார்கள். அவற்றின் நுனி பெரும்பாலும் மழுங்கியதே. கால் ஊன்ற இடம் மறுப்பதே அதன் வேலை. ஆயினும் கம்பிகளுக்கிடையே சருகும் சுள்ளியும் சேர்ந்தால் புறா அதன் மேலேயே கூடு கட்டிவிடும். பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகரில் காக்கை இனத்தைச் சேர்ந்த மாக்பை என்னும் பறவை, கட்டடத்து முட்களையே பிடுங்கி, சுமார் 1,500 கம்பிகள் கொண்ட கூட்டை அமைத்ததை 2023-இல் ஆய்வாளர்கள் எழுதினர்!

முள் வேண்டும் என்ற அன்பரின் கவலையும் நியாயமானதே. எச்சத்திலுள்ள அமிலம் சுதைச் சிற்பங்களையும் வண்ணத்தையும் அரிக்கிறது. பறவைகளின் எச்சத்தோடு விழும் ஆல், அரசு விதைகள் விரிசலில் வேரூன்றிக் கோபுரத்தையே பிளக்கின்றன. காய்ந்த எச்சத்தின் தூசு நுரையீரலுக்கும் தீங்கானது.

ஆனால் புறா அங்கு அந்நியமன்று. மலைப்பாறை விளிம்புகளில் வாழ்ந்த இனம் அது. அடுக்கடுக்கான கோபுர நிலைகள் அதன் கண்ணுக்கு மலையே. மாடத்தில் வாழ்வதால் நாமும் மாடப்புறா என்றோம். கோயில் கட்டடக் கலையில் கூரையின் வளைந்த விளிம்பாகிய கொடுங்கைக்குக் கபோதம் என்று பெயர். வடமொழியில் கபோதம் என்றால் புறா!

சோழர்கள் தம் முன்னோராகப் போற்றிய சிபிச் சக்கரவர்த்தியின் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். அடைக்கலம் புகுந்த புறாவை அவர் காத்தார். பருந்தின் பசியையும் மறுக்கவில்லை. இரண்டிற்கும் உரிய விலையைத் தம் உடலிலிருந்தே அரிந்து கொடுத்தார். கோபுரமும் வாழ வேண்டும், புறாவும் வாழ வேண்டும் என்றால் நாம் தரவேண்டிய விலை எது? நம் உழைப்புத்தான். திருநாவுக்கரசர் பெருமான் உழவாரப்படை ஏந்தியது அதற்காகத்தானே! ஒருமுறை பணம் கொடுத்து முள் பதித்துவிட்டால் பின்னர் எவரும் ஏணி ஏற வேண்டாம் என்பதே அதன் கவர்ச்சி.

இதைக் கூட்டத்தில் கூறினேன். என் வீட்டு முட்டைகளின் கதையையும் மறைக்கவில்லை. நெடுநேரம் பேசியபின் தீர்மானம் இவ்வாறு அமைந்தது: சுதைச் சிற்பங்களில் துளையிட்டு முள் பதிப்பதில்லை. மடைப்பள்ளி வாசலுக்கும் அன்னதானக் கூடத்திற்கும் மேலுள்ள விளிம்புகளில் மட்டும் முள். அங்கே எச்சம் உணவில் விழும். கோபுரத்தின் உட்புறப் பொந்துகளுக்குக் கம்பிவலை, அதுவும் கூடு இல்லை என்று உறுதி செய்த பின்னரே. பிராகாரமெங்கும் தானியம் இறைப்பதை நிறுத்தி, நந்தவனத்து மூலையில் காலை ஒருவேளை மட்டும், அளவோடு. ஆண்டுக்கு இருமுறை உழவாரப்பணி. எச்சத்தை நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்தே அகற்ற வேண்டும்.

சாரம் கட்டிய ஸ்தபதி, மூன்றாம் நிலையில் ஒரு கூடு இருப்பதாகச் சொன்னார். புறா முட்டை பதினெட்டு நாளளவில் பொரியும். அதன்பின் ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும். குடமுழுக்கிற்கோ நாள் குறித்தாகிவிட்டது. "அந்த மாடத்தைக் கடைசியில பூசிக்கறேன் சார்" என்றார் அவர். முன்வந்த அன்பரும் மறுக்கவில்லை. மிஞ்சிய தொகையை உழவாரக் கருவிகளுக்கே அளித்துவிட்டார்.

குடமுழுக்கிற்கு நான்கு நாள் முன்பு அந்த மாடம் வெறுமையாயிற்று. அன்று மாலையே சுண்ணம் பூசினார்கள். கோலமிடும் அம்மையாரிடம் சொன்னேன். மேலே அண்ணாந்து பார்த்துக் கைகூப்பினார்.

வீட்டில் முள்ளோ வலையோ அமைக்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஆள் வரும்முன் நீங்களே ஒருமுறை அந்த மூலையை எட்டிப் பாருங்கள்.