மேலூர் வட்டாரக் குடிநீர்க் குழாய்களில் பின்னோட்ட மாசு: காரணமும் காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

குடிநீர்க் குழாயில் நீர் தெருவிலிருந்து வீட்டை நோக்கி மட்டுமே ஓடும் என்பது பொதுவான எண்ணம். குழாயின் உள்ளழுத்தம் குறையும்போது இத்திசை மாறி, வெளியிலுள்ள மாசுநீர் குழாய்க்குள் புகுவதுண்டு. இது பின்னோட்டம் எனப்படும். நேரம் வகுத்து நீர் விடப்படும் ஊர்களில் பின்னோட்டம் நிகழும் முறையையும் அதனைத் தடுக்கும் வழிகளையும் மேலூர் வட்டாரச் சூழலை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குடிநீர், பின்னோட்டம், குழாயழுத்தம், காற்றிடைவெளி, மேலூர்.

முன்னுரை

மதுரைக்கு வடகிழக்கே திருச்சி நெடுஞ்சாலையில் அமைந்த மேலூர், பெரியாறு பாசனத்தால் வாழும் ஊர். கள்ளந்திரிக்கு அப்பாலுள்ள ஒருபோக நிலங்களில் பயிர் செய்வோர் 'கடைமடை' என்னும் சொல்லின் பொருளை நன்கு அறிவர். தலைமடையில் மிகுதியாக நீர் எடுத்தால் கடைமடை வயல் காயும். குடிநீர்க் குழாய்க்கும் கடைமடை உண்டு. ஆயினும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வராமல் போகும். குழாயின் கடைமடைக்கு நீர் வராமல் போவதோடு, நீருக்குப் பதிலாக மாசும் வந்து சேரும்.

பின்னோட்டத்தின் இருவகை

பின்னோட்டம் பின்னுறிஞ்சல், பின்னழுத்தம் என இருவகைப்படும். தெருக்குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறையும்போது, குழாயோடு தொடர்புடைய எந்த நீரும் உள்ளே இழுக்கப்படும். இது பின்னுறிஞ்சல். வாளிக்குள் மூழ்கிக் கிடக்கும் ரப்பர் குழாய், நீர்மட்டத்திற்குக் கீழே வாய் அமைந்த தரைத்தொட்டி இணைப்பு, பூச்சிமருந்து கலக்கும் பீப்பாய்க்குள் விடப்பட்ட குழாய் ஆகியன இதற்கு வாயில்கள்.

வீட்டிலுள்ள எந்திரம் தெருக்குழாயைவிட மிகுந்த அழுத்தத்தில் நீரைத் தள்ளுவது பின்னழுத்தம். ஆழ்துளைக் கிணற்றுக் குழாயும் குடிநீர் இணைப்பும் ஒரே குழாயில் சேர்க்கப்பட்டு, இடையிலுள்ள வால்வு மூடப்படாமல் இருந்தால், கிணற்று நீர் தெருக்குழாய்க்குள் ஏறிவிடும்.

மோட்டார் இழுக்கும் மாசு

இந்தியாவின் பெரும்பாலான நகரங்களைப் போலவே, நேரம் வகுத்து நீர் விடப்படும் இடங்களில் குழாய் நாளின் பெரும்பகுதி வெறுமையாக இருக்கிறது. அந்நேரத்தில் விரிசல்கள் வழியே மண்ணீரும் சாக்கடை நீரும் உட்புகுகின்றன. நீர் விடப்பட்டதும் வீடுகள் இணைப்புக் குழாயிலேயே மின்மோட்டாரைப் பொருத்தி இழுக்கத் தொடங்குகின்றன. ஒரு வீட்டின் மோட்டார் அடுத்த வீட்டின் அழுத்தத்தைக் குறைக்கிறது. ஆகவே அடுத்த வீடும் மோட்டார் வாங்குகிறது. இவ்வாறு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது குழாய்க்குள் எதிரழுத்தம் உண்டாகிறது. சாக்கடையைக் கடந்து செல்லும் பழுதுற்ற இணைப்பு ஒன்று இருந்தாலும் அதன்வழி கழிவுநீர் உள்ளே வரும். மோட்டார் இல்லாத வீடும் அந்நீரையே பிடிக்க நேர்கிறது.

இரு சான்றுகள்

1969இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்திலுள்ள ஹோலி கிராஸ் கல்லூரியின் கால்பந்து அணியினர் கல்லீரல் அழற்சி நோய்க்கு ஆளாயினர். பயிற்சித் திடலில் நீர் பாய்ச்சும் குழாய் வாய்கள் தரைக்குழிகளில் அமைந்திருந்தன. நோயுற்ற சிறுவர்கள் அங்கு விளையாடியதால் குழிநீர் மாசுற்றிருந்தது. அருகில் பற்றிய தீயை அணைக்கப் பெருமளவு நீர் இழுக்கப்பட்டபோது அழுத்தம் சரிந்து, குழிநீர் குடிநீர்க் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டதாக விசாரணையில் அறியப்பட்டது. 97 பேரில் 90 பேர் பாதிக்கப்பட்டனர். அவ்வாண்டின் எஞ்சிய போட்டிகள் கைவிடப்பட்டன. அங்குத் தீயணைப்பு எந்திரம் ஒருநாள் செய்ததை, இங்கு வீட்டு மோட்டார்கள் நீர் விடும்போதெல்லாம் செய்கின்றன எனலாம்.

இரண்டாவது சான்று கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாட் நகரம். அங்குச் சில பகுதிகளில் 24 மணிநேர வழங்கலும், ஏனைய பகுதிகளில் இடைவிட்ட வழங்கலும் இருந்தன. எமிலி கம்பல், காரா நெல்சன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொடர் வழங்கல் குழாய்களின் மாதிரிகளில் 0.7 விழுக்காட்டிலும், இடைவிட்ட வழங்கலில் 31.7 விழுக்காட்டிலும் ஈ.கோலி நுண்ணுயிர் காணப்பட்டது. நீர் திறந்த முதற்கட்டத்திலும் அழுத்தம் குறைந்த வேளையிலும் மாசு மிகுந்திருந்ததை அவர்களின் அடுத்த ஆய்வு காட்டியது.

காக்கும் வழிகள்

மிக எளிய காப்பு காற்றிடைவெளி. தொட்டிக்குள் நீர் விழும் குழாய்வாய், தொட்டி நிரம்பி வழியும் மட்டத்திற்கு மேலே குழாய் விட்டத்தைப் போல இருமடங்கு உயரத்தில், 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். காற்றைத் தாண்டி நீர் திரும்பிச் செல்ல இயலாது. இதற்குத் தேய்ந்துபோகும் உறுப்பும் இல்லை, செலவும் இல்லை.

நான்-ரிட்டர்ன் வால்வு எனக் கடைகளில் வழங்கும் ஒருவழி அடைப்பான் இதற்கு அடுத்த நிலையிலேயே வைக்கத்தக்கது. மணலோ துருவோ சிக்கினால் அது முழுமையாக மூடாது. எனவே அதனைக் காலமுறையில் சோதித்தல் வேண்டும்.

மோட்டாரைத் தெரு இணைப்பில் பொருத்தாமல், நீரைத் தன்போக்கில் தரைத்தொட்டியில் விழவிட்டு அங்கிருந்து மேலேற்றுதல் வேண்டும். கிணற்றுக் குழாயையும் குடிநீர்க் குழாயையும் வால்வு கொண்டு பிரிப்பது போதாது. இரண்டும் தனித்தனியே அமைதல் வேண்டும். மருந்துத் தெளிப்பானைக் குழாயில் நேரடியாக நிரப்பாமல், வாளியில் பிடித்து ஊற்றலாம். நீர் வரத் தொடங்கும் முதல் சில நிமிடங்களின் நீரைக் குடிப்பதற்குப் பிடிக்காமல் பிற பயன்பாட்டிற்குக் கொள்ளலாம்.

இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 10500 தரநிலை, குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் இருக்க வேண்டும் என்கிறது. இது கடைசிக் காப்பு மட்டுமே. சாக்கடை நீர் மிகுதியாகப் புகுந்தால் இவ்வளவு குளோரின் விரைவில் தீர்ந்துவிடும்.

முடிவுரை

மோட்டார்களைப் பறிமுதல் செய்வதையே உள்ளாட்சி அமைப்புகள் பெரிதும் நம்புகின்றன. ஆனால் அழுத்தமில்லாத தெருவில் மோட்டார் வைப்பவர் பேராசையால் மட்டும் அதனை வைப்பதில்லை. குடம் நிரம்பாததாலும் வைக்கிறார். ஒரு மாடி வரையுள்ள வீடுகளுக்கு 12 மீட்டர் நீருயர அழுத்தம் தேவை என்பது நடுவண் அரசின் 1999ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேட்டின் அளவீடாக இருந்தது. அவ்வழுத்தம் கடைசி வீட்டிலும் கிடைத்தால் மோட்டாருக்குத் தேவை இராது, பின்னுறிஞ்சலுக்கும் இடமிராது. ஆகவே கடைமடை வீட்டின் அழுத்தத்தை அளந்து சீர்செய்வதே உள்ளாட்சியின் முதற்பணியாதல் வேண்டும். காற்றிடைவெளி விடுவது ஒவ்வொரு வீட்டின் பணி. இவ்விரண்டும் ஒருங்கே அமையாதவரை, தலைமடையில் தூய்மை செய்து அனுப்பிய நீர் கடைமடையில் தூய்மையாகவே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.